எந்த எண்ணை நம்புவது? புகைக்கறிக்கான டிஜிட்டல் தெர்மாமீட்டர்

டெக்சஸ் பாணியில் ஆறு கிலோ பிரிஸ்கெட்டை, அதாவது மாட்டின் நெஞ்சுக்கறியை, புகையில் வேகவைக்கப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். அவ்வளவு நேரமும் ஸ்மோக்கருக்குள் சூடு 110 முதல் 135 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மூடியை அடிக்கடி திறந்தால் சூடு இறங்கிவிடும். திறக்காவிட்டால் உள்ளே நடப்பது தெரியாது. மூடிய மூடிக்கு வெளியே நிற்கிறவருக்குக் கிடைப்பவை இரண்டு எண்கள்தான்: கறியின் உள்சூடு, கறியைச் சுற்றியுள்ள காற்றின் சூடு. அந்த எண்களை எப்போது நம்பலாம், எப்போது சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம். எந்தக் கருவியை வாங்குவது என்பதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். பழுது எங்கே வருகிறது என்று தெரிந்த பிறகு கடைக்குப் போனால் விளம்பர வாசகங்கள் உங்களை இழுக்காது.

அமெரிக்காவில் கருவிகளும் சமையல் குறிப்புகளும் பாரன்ஹீட்டில்தான் பேசும். இந்த நூலில் செல்சியஸையே எழுதுகிறேன். தேவையான இடத்தில் பாரன்ஹீட்டையும் சேர்க்கிறேன். கருவியை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அது எந்த அளவில் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். அளவை மாற்றும் சிறு பொத்தான் பல கருவிகளில் பின்பக்கம் இருக்கும். கைபட்டு மாறிவிடுவது சாதாரணம்.

எண் எதற்கு?

கோழிக்கு 74 டிகிரி (பாரன்ஹீட்டில் 165), கொத்துக்கறிக்கு 71 (160), துண்டாக உள்ள மாடு, பன்றி, ஆட்டுக்கறிக்கு 63 (145), அதன்பின் மூன்று நிமிட ஓய்வு. இவை அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் பாதுகாப்பு அளவுகள். கோழியில் இந்த எண்ணே தீர்ப்பு. தோல் பொன்னிறமாகிவிட்டது, சாறு தெளிவாக வருகிறது என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. அதுவும் புகையில் வெந்த கோழியின் சதை, நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருக்கலாம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய அங்கே வழியே இல்லை.

பிரிஸ்கெட்டின் கதை வேறு. 63 டிகிரியில் அது பாதுகாப்பானதுதான், ஆனால் மெல்ல முடியாது. அந்தத் தசையில் நிறைந்திருக்கும் கொலாஜன் என்ற இணைப்புத் திசு மெதுவாக ஜெலட்டினாக இளக வேண்டும். அதற்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். அதனால்தான் 93 முதல் 96 டிகிரி வரை (200 முதல் 205 வரை) கொண்டுபோகிறார்கள். அங்கேயும் அனுபவசாலிகள் எண்ணோடு நிற்பதில்லை. கம்பியைக் குத்திப் பார்த்து, எதிர்ப்பில்லாமல் இறங்கினால்தான் எடுப்பார்கள். ஒரு கறி 92-இல் தயாராகிவிடும், இன்னொன்று 97 வரை முரண்டு பிடிக்கும். ஆகவே பிரிஸ்கெட்டில் எண் என்பது குத்திப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டுமே. இரண்டு டிகிரி பிழை அங்கே பொருட்டல்ல. கோழியிலோ ஐந்து டிகிரி பிழை வீட்டில் எல்லோரையும் படுக்கையில் தள்ளிவிடலாம். கருவியைச் சோதிக்கும் அக்கறை அங்கிருந்து வரட்டும்.

முதலில் மூடியில் இருக்கும் முள்ளை மறந்துவிடுங்கள்

பெரும்பாலான ஸ்மோக்கர்களின் மூடியில் ஒரு வட்ட முள் தெர்மாமீட்டர் பதித்திருப்பார்கள். அது காட்டுவது மூடிக்கு அடியில், அந்த உயரத்தில் உள்ள காற்றின் சூட்டை. கறி கிடப்பதோ கீழே கம்பித் தட்டில். இரண்டுக்கும் இடையே இருபது டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். பக்கவாட்டில் நெருப்பறை உள்ள ஸ்மோக்கரில் நெருப்புப் பக்கம் ஒரு சூடு, புகைபோக்கிப் பக்கம் இன்னொரு சூடு. ப்ரோப் என்ற, முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் கருவியின் கம்பிக்கும் மூடி முள்ளுக்கும் எண் ஒத்துப்போகவில்லை என்பதற்காக டிஜிட்டலைப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் தத்தம் இடத்துக்குச் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

காற்றின் சூட்டை அளக்கும் ப்ரோப்பைக் கம்பித் தட்டின் மட்டத்தில், அதற்கென்று வரும் கிளிப்பில் மாட்டி, கறியிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். குளிர்ந்த பெரிய கறித்துண்டைச் சுற்றியுள்ள காற்றும் குளிர்ந்தே இருக்கும். ஒட்டி வைத்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி நீங்கள் விறகைச் சேர்த்து, தேவையில்லாமல் சூட்டை ஏற்றிவிடுவீர்கள். நெருப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம், கம்பியில் தொடவும் வேண்டாம்.

மரத்துகள் குச்சிகளை எரிக்கும் பெல்லட் ஸ்மோக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே பக்கச் சுவரில் ஒரு சிறு உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த சென்சாரின் கணக்கை வைத்துத்தான் இயந்திரம் எரிபொருளை ஊட்டுகிறது. கரியும் கொழுப்பும் அதன்மேல் தடிமனாகப் படிந்தால் சூட்டை அது தாமதமாக உணரும். சூடு ஏறி இறங்கி அலைபாயும். சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பல நேரம் அதோடு தீர்ந்துவிடும்.

ஐஸ் சோதனை

ஒரு பெரிய டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸைப் போடுங்கள். இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, இரண்டு நிமிடம் விடுங்கள். ப்ரோப்பின் முனை நடுவில் இருக்கட்டும். பக்கத்தையும் அடியையும் தொடக்கூடாது. மெதுவாகக் கலக்கிக்கொண்டே பார்த்தால் 0 டிகிரி (32) காட்ட வேண்டும். அரை டிகிரி அங்கே இங்கே இருந்தால் கவலையில்லை. இந்தச் சோதனையில் பலர் தவறுவது தண்ணீர் அதிகமாகிவிடுவதால்தான். நாலைந்து ஐஸ் கட்டிகள் மிதக்கும் தண்ணீரின் அடிப்பகுதி 0 டிகிரியில் இருக்காது. நீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம், அந்தச் சூட்டு நீர்தான் கீழே தங்கும். அதில் முனையை வைத்துவிட்டுக் கருவி நான்கு டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று சொன்னால் குற்றம் கருவியுடையதல்ல.

கொதிநீர்ச் சோதனையும் வேண்டும், ஆனால் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். கடல் மட்டத்தில் 100. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறையும். ஹியூஸ்டனில் 100 காட்டும் நல்ல கருவி, 1,609 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வரில் 95-ஐ ஒட்டித்தான் காட்டும், காட்டவும் வேண்டும்.

இரண்டு சோதனையிலும் ஒரே அளவு தள்ளியிருந்தால், உதாரணமாக ஐஸில் 1, கொதிநீரில் 101 என்றால், கருவியில் திருத்தும் வசதி இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் மனதில் கழித்துக்கொள்ளலாம். ஒன்றில் சரியாகவும் மற்றதில் பெரிதாகத் தவறியும் இருந்தால் விஷயம் வேறு. அப்போது ப்ரோப்பைப் பார்க்க வேண்டும்.

பழுது பெரும்பாலும் ப்ரோப்பில்தான்

இது இந்த அத்தியாயத்தின் முக்கியப் பகுதி. எண் அபத்தமாக வரும்போது பேட்டரியை மாற்றுகிறார்கள், கருவியையே தூக்கி எறிகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. நெருப்புக்குள் போய்வரும் மெல்லிய ப்ரோப்தான் தேயும் பொருள்.

கறிக்குள்ளேயே விட்டுவைக்கும் ப்ரோப்புகளில் பெரும்பாலானவற்றின் முனையில் தெர்மிஸ்டர் என்ற சிறு துணுக்கு இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். 25 டிகிரியில் 100 கிலோ ஓம் இருக்கும் ஒரு வகை, ஐஸில் 330 கிலோ ஓம் அளவுக்கு ஏறி, கொதிநீரில் 7 கிலோ ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கருவி அளப்பது இந்தத் தடையைத்தான். அதைச் சூடாக மாற்றி எழுதுவது அதற்குள் இருக்கும் ஓர் அட்டவணை. நிறுவனத்துக்கு நிறுவனம் அட்டவணை மாறும் என்பதால்தான், பிளக் பொருந்துகிறதே என்று வேறொரு கம்பெனியின் ப்ரோப்பைச் செருகினால் நம்பும்படியான, ஆனால் தவறான எண் வரும். எண்ணே வராமல் இருப்பதைவிட அது ஆபத்தானது.

இனி நோயைப் பாருங்கள். எஃகுக் கம்பியும் கேபிளும் சேரும் கழுத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், மின்சாரத்துக்கு ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. மொத்தத் தடை குறைகிறது. தடை குறைந்தால் கருவிக்கு அது சூடு. ஆகவே ஈரம் புகுந்த ப்ரோப் எப்போதும் கூட்டித்தான் காட்டும்: அறையில் சும்மா கிடக்கும்போதே 40 டிகிரி, வைத்த அரை மணியில் கறி வெந்துவிட்டது என்ற அலாரம். ஐஸ் சோதனையின் அருமையும் இங்கேதான் தெரியும். மேலே சொன்ன வகை ப்ரோப்பில் 300 கிலோ ஓம் அளவுக்கு ஈரக்கசிவு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஐஸில் அது 15 டிகிரி காட்டும். கொதிநீரில் ஒரு டிகிரி அளவுதான் தவறும். அதாவது கொதிநீரில் மட்டும் சோதித்தவர் ப்ரோப் நலம் என்று நம்பிவிடுவார். ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஐஸைத் தேர்ந்தெடுங்கள்.

ஈரத்தை ஓட்ட ஓவனை 150 டிகிரியில் வைத்து, எஃகுப் பகுதியும் உலோகப் பின்னலும் உள்ளே, பிளக் வெளியே இருக்கும்படி ஒரு மணி நேரம் காயவிடுங்கள். கேபிள் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று முதலில் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறியபின் மறுபடி ஐஸ் சோதனை. பல ப்ரோப்புகள் பிழைத்துவிடும். ஆனால் தண்ணீர் புகுந்த வழி அடைபட்டிருக்காது. புதியதற்குச் சொல்லி வைப்பதே நல்லது. கழுவும்போது எஃகுப் பகுதியை மட்டும் சோப்புத் துணியால் துடைத்தால் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவதும், தொட்டித் தண்ணீரில் ஊறவைப்பதும் ப்ரோப்பைக் கொல்லும்.

கம்பி உள்ளே அறுந்தால் அறிகுறி நேர்மாறு. தடை எல்லையில்லாமல் ஏறுவதால் கருவி மிகக் குளிர் என்று நினைக்கும். எண்ணுக்குப் பதில் கோடுகளோ ‘எல்’ எழுத்துகளோ வரும். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ‘எச்’ எழுத்துகள் வருவது வழக்கம். பாதி அறுந்த நிலைதான் ஏமாற்றுவது: எண் ஒழுங்காக இருக்கும், திடீரென்று குதிக்கும், மறுபடி ஒழுங்காகும். ப்ரோப்பை ஐஸில் வைத்தபடி கேபிளைக் கழுத்திலிருந்து பிளக் வரை கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கே அறுந்திருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. மூடியின் விளிம்பில் கேபிளை நசுக்காமல், அதற்கென்று உள்ள துளை வழியே விடுவதும், சுற்றி வைக்கும்போது அகல வளையமாகச் சுற்றுவதும்தான் தடுப்பு. கம்பியைப் பிடுங்கும்போது கேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் பிளக்கைப் பாருங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றிருக்கும், அல்லது கொழுப்புப் புகை படிந்திருக்கும். ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். அதன்பின் இரண்டு ப்ரோப்புகளைத் துளை மாற்றிச் செருகுங்கள். தவறு ப்ரோப்போடு இடம் மாறினால் பழுது ப்ரோப்பில். பழைய துளையிலேயே நின்றால் கருவியில்.

எண் நிற்கிறது, கருவி நிற்கவில்லை

பிரிஸ்கெட்டோ பன்றியின் தோள்பட்டைக் கறியோ 65 டிகிரியைத் தாண்டியதும் எண் நகராமல் நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, சில நேரம் இன்னும் அதிகம். புதிதாகச் செய்கிறவர் ப்ரோப் செத்துவிட்டது என்று முடிவு செய்யும் இடம் இது. மண்பானைத் தண்ணீரைக் குளிரவைக்கும் அதே காரணம்தான் இங்கும்: கறியின் மேல்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகிக்கொண்டே சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கிரெக் பிளாண்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சையும் மாட்டுக் கொழுப்பையும் சூடாக்கி ஒப்பிட்டார். கொழுப்பின் சூடு தடையின்றி ஏறியது, ஸ்பாஞ்ச் கறியைப் போலவே நின்றது. மேல்பரப்பு காய்ந்ததும் எண் தானாக நகரும். காத்திருக்க முடியாதவர்கள் காகிதத்திலோ அலுமினியத் தாளிலோ சுற்றிவிடுகிறார்கள்.

ப்ரோப் செத்ததா, கறி நிற்கிறதா என்று சந்தேகம் வந்தால் கையில் பிடித்துக் குத்தும் தெர்மாமீட்டரை அதே இடத்தின் அருகில் இறக்குங்கள். இரண்டும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போனால் கறிதான் நிற்கிறது.

எண் தவறாக வருவதற்கு இன்னொரு பெரிய காரணம் குத்திய இடம். பிரிஸ்கெட்டில் மெலிந்த தட்டைப் பகுதியின் தடித்த இடத்தில், பக்கவாட்டிலிருந்து, மேலும் கீழும் சமதூரத்தில் முனை நிற்க வேண்டும். இரண்டு தசைகளுக்கு நடுவே ஓடும் கொழுப்புப் படலத்தில் நின்றால் கறியின் சூடு தெரியாது. கோழியில் நெஞ்சின் தடித்த இடத்தையும் தொடையின் உட்புறத்தையும் இரண்டையும் பார்க்க வேண்டும். மாடும் பன்றியும் சாப்பிடாத நம்மவர் வீடுகளில் ஆட்டுத் தொடையும் சப்பையும்தான் ஸ்மோக்கருக்குப் போகும். டெக்சஸுக்கும் ஆடு அந்நியமில்லை. பிரேடி என்ற ஊரில் ஆட்டுக்கறி வாட்டும் போட்டியே ஆண்டுதோறும் நடக்கிறது. ஆட்டில் எலும்பு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். எலும்பைத் தொட்ட முனை கறியின் சூட்டைச் சொல்லாது. தொட்டது தெரிந்தால் ஒரு சென்டிமீட்டர் பின்னுக்கு இழுங்கள். கையால் குத்தும் கருவியில் இன்னும் எளிய வழி உண்டு: ஆழமாக இறக்கி மெதுவாக மேலே இழுத்துக்கொண்டே வாருங்கள், வழியில் வரும் மிகக் குறைந்த எண்தான் கறியின் உண்மையான நடுச்சூடு. பச்சைக் கோழியில் குத்திய கம்பியை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டே அடுத்த முறை குத்துங்கள்.

கம்பியில்லாத கருவிகள்

புளூடூத் அலை இரும்புப் பெட்டியைத் துளைத்துக்கொண்டு வராது, இடுக்குகளின் வழியே கசிந்துதான் வரும். கறியில் உள்ள நீரும் அதை விழுங்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் தடையில்லாத திறந்தவெளிக்கு உரியது. இணைப்பு அறுந்துகொண்டே இருந்தால் பெறும் பெட்டியை ஸ்மோக்கருக்கு அருகே கொண்டுவாருங்கள். கேபிளே இல்லாத ப்ரோப்பில் ஆன்டெனா பின்முனையில் இருக்கும். அது கறிக்கு வெளியே நிற்க வேண்டும். அதே ப்ரோப்பில் கம்பியின் மேல் போட்டிருக்கும் கோடுவரை கட்டாயம் உள்ளே இறக்க வேண்டும், ஏனென்றால் அதன் பேட்டரியும் சுற்றும் கறியின் ஈரத்தால்தான் காப்பாற்றப்படுகின்றன. பல வகைகள் உள்ளே 100 டிகிரி வரைதான் தாங்கும். நேரடி நெருப்பில் வாட்டும்போது கழற்றிவிடுங்கள். வைஃபை கருவி வீட்டு இணைப்பில் சேர மறுத்தால், பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே ஏற்பவை என்பதை நினைவில் வைத்து, போனையும் அந்த அலைக்கு மாற்றிப் பாருங்கள்.

எதை வாங்குவது

ஒரே கருவியால் இரண்டு வேலையும் ஆகாது. உள்ளே விட்டுவைக்க ஒன்று, கையால் குத்திப் பார்க்க ஒன்று என்று இரண்டு வாங்குங்கள். பணம் குறைவாக இருந்தால் கையால் குத்துவதை முதலில் வாங்குங்கள். கோழி விஷயத்தில் காப்பாற்றப் போவது அதுதான்.

கையால் குத்துவதில் வேகத்துக்குப் பணம் கொடுங்கள். தெர்மோகப்பிள் சென்சார் உள்ளவை வேகமானவை; இரண்டு உலோகக் கம்பிகள் சேரும் மிகச் சிறிய முனையே அங்கு சென்சார் என்பதால் சட்டென்று சூடாகும். இங்கிலாந்தில் தயாராகும் தெர்மாபென் ஒன்றிரண்டு நொடியில் எண் சொல்லும், விலை 100 டாலரை ஒட்டி வரும். மலிவான கருவிகள் ஐந்து, பத்து நொடி எடுக்கும். வாரம் ஒரு முறை சமைக்கிறவருக்கு அவை போதும். திரையில் தசமப் புள்ளி தெரிவதால் துல்லியம் என்று நினைக்க வேண்டாம். எத்தனை டிகிரி கூடக் குறையக் காட்டலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரு டிகிரிக்குள் என்றால் வாங்கலாம்.

உள்ளே விட்டுவைப்பதில் என் தேர்வு தெளிவானது: கேபிள் உள்ள, குறைந்தது இரண்டு ப்ரோப் செருகக்கூடிய, தனி ரேடியோ பெறுவானோடு வரும் கருவி. செயலி, வரைபடம், நேரக் கணிப்பு எல்லாம் இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் கறி வேகும். அந்தக் கணிப்புகள் கறி நிற்கும் கட்டத்தில் தடுமாறவும் செய்யும். கேபிள் இல்லாதவை சுழலும் கம்பியில் கோழி வாட்டுகிறவர்களுக்கு உண்மையிலேயே தேவை. பன்னிரண்டு மணி நேர பிரிஸ்கெட்டுக்குக் கேபிளே நம்பகமானது. பெட்டி மழையில் நனையும் என்றால் நீர்காப்புத் தரம் 65-க்குக் குறையாமல் பாருங்கள். அந்தத் தரம் பெட்டிக்குத்தான், ப்ரோப்பின் கழுத்துக்கு அல்ல.

வாங்கும் முன் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள்: இந்தக் கருவிக்கு மாற்று ப்ரோப் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? கிடைக்காது என்றால், மற்ற எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கருவியின் ஆயுள் முதல் ப்ரோப்பின் ஆயுள்தான். கிடைக்கும் என்றால் கருவியோடு கூடுதலாக ஒன்றையும் வாங்கி, ஐஸில் சோதித்து, வாங்கிய மாதத்தை ஒட்டுத்தாளில் எழுதிக் கேபிளில் ஒட்டி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு எண் துள்ள ஆரம்பித்தால் அப்போது எந்தக் கடையும் திறந்திருக்காது.